ராத்திரியில் ஒழுகும் பேட்டரி

காலை ஆறு மணிக்கு மீட்டர்காரர் வேனின் பக்கக் கதவைத் தள்ளித் திறந்தார். குனிந்து, படுக்கைப் பலகைக்கு அடியில் இருந்த பேட்டரியில் தன் வோல்ட் மீட்டரின் சிவப்பு முனையையும் கறுப்பு முனையையும் வைத்துப் பார்த்தார். பன்னிரண்டு புள்ளி ஐந்து.

நேற்று மதியம் ஒரு மணிக்குச் சார்ஜரைக் கழற்றியபோது பன்னிரண்டு புள்ளி ஏழு இருந்தது. அதற்குப் பிறகு அவர் ஒரு விளக்கையும் போடவில்லை. வண்டி பூட்டியபடியே இருந்தது. சாவி வீட்டுக்குள் ஆணியில் தொங்கியது. அப்படியானால் நடுவில் இரண்டு புள்ளி எந்த வழியாக இறங்கிப் போயிற்று?

சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். மூன்று நாளாக இதே கதைதான். முதல் நாள் மீட்டர் முள்ளளவுக்கு அசைந்தது. இரண்டாம் நாள் ஒரு புள்ளி. இன்றைக்கு இரண்டு. புறப்பட இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

அவருக்குப் பெயர் ஒன்று உண்டு, ஓய்வூதியப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஊரில் எல்லோருக்கும் அவர் மீட்டர்காரர்தான். முப்பத்தொரு வருடம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் பார்த்து எண்ணைக் குறித்தவர். எண்ணை வைத்தே வீட்டைச் சொல்லிவிடுவார். திடீரென்று ஏறினால் புது ஃப்ரிட்ஜ். ஏறியது ஒரேயடியாக இறங்கினால் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை, யாரோ ஒருவர் கோபித்துக்கொண்டு போயிருக்கிறார். எந்த எண்ணும் சரிப்பட்டு வரவில்லையென்றால் திருட்டு, கம்பத்திலிருந்து கொக்கி போட்டு இழுக்கிறார்கள்.

இத்தனை தெரிந்தும் ஒரு வீட்டிலும் ஒரு கேள்வி கேட்டதில்லை. வேலையில் சேர்ந்த அன்றே மேலதிகாரி சொல்லிவிட்டார்: "எண்ணைப் பாரு, எழுது, நட. உள்ள எட்டிப் பார்க்காத." மீட்டர்காரர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். வேலையில் மட்டுமல்ல, வீட்டிலும். கல்யாணமாகி முப்பது வருடமாகியும் மனைவியிடம் அவர் கேட்ட கேள்விகளில் பாதி "சாப்பாடு ஆச்சா?" என்பதுதான்.

ஓய்வு பெற்ற கையோடு அவர் செய்த ஒரே ஆடம்பரம் அந்த வேன். ஒரு சலவைக் கம்பெனியில் துணி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த வண்டி. நான்கு பக்கமும் தகரம், பின்னால் ஒரு சாண் அகலத்துக்கு ஒரு ஜன்னல். உள்ளே இரண்டு பேர் படுக்கப் பலகை, மடக்கு மேஜை, ஓர் அடுப்பு என்று அவரே அறுத்து, இழைத்து, ஆணி அடித்து வைத்தார். மனைவியும் தானுமாகக் கால் போன போக்கில் ஊர் ஊராகப் போக வேண்டும் என்பது அவருடைய ஆசை. வாழ்நாள் முழுக்க அடுத்தவர் வீட்டு வாசலில் நின்றாயிற்று, இனி நம் வாசலை நாம் எடுத்துக்கொண்டு போகலாம் என்று நினைத்தார். நினைத்ததை மனைவியிடம் இத்தனை அழகாகச் சொல்லவில்லை. "வண்டி வாங்கியிருக்கேன். எங்கயாவது போலாம்," என்று மட்டும் சொன்னார்.

மனைவி வந்து பார்த்தார். உள்ளே ஒரு காலை வைத்தார். தலையை நீட்டினார். வைத்த காலை எடுத்துக்கொண்டார்.

"இருட்டா இருக்கேங்க. உள்ள நல்லா மஞ்சளா வெளிச்சம் போடுங்க. அப்புறம் பார்க்கலாம்."

இந்தப் 'பார்க்கலாம்' மீட்டர்காரருக்கு அத்துப்படி. இன்ஷூரன்ஸ் எடுக்கச் சொன்னவர், பாத்திரம் விற்க வந்தவர், மாடியை வாடகைக்குக் கேட்டவர் என்று எத்தனையோ பேருக்கு மனைவி அதைச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அவர்களில் யாரும் மறுபடி வந்ததில்லை. போதாததற்கு, மனைவிக்கு வண்டி வாகனம் என்றாலே அவ்வளவாக ஒட்டாது. பஸ்ஸில் கதவுக்குப் பக்கத்து சீட்டுக் கிடைக்காவிட்டால் அடுத்த பஸ் வரட்டும் என்பார், காற்று வேண்டுமாம். மகள் வீடு ஏழாவது மாடி. லிஃப்ட் வாயைத் திறந்து நின்றாலும் படியேறித்தான் போவார், மூட்டுக்கு நல்லதாம். ஏழு மாடி ஏறிவிட்டு மகள் வீட்டு வாசலில் உட்கார்ந்து மூட்டுக்குத் தைலம் தேய்ப்பார்.

ஆனாலும் வெளிச்சம் கேட்டிருக்கிறார். அந்த ஒரு நூல் போதும் மீட்டர்காரருக்கு. வண்டியின் சொந்த பேட்டரியைத் தொடக்கூடாது, தொட்டால் காலையில் வண்டி கிளம்பாது என்பதால் இரண்டாவதாக ஒரு பேட்டரி வைத்தார். அதிலிருந்து ஆறு மஞ்சள் பல்புக்கும் ஒரு குட்டி ஃபேனுக்கும் ஒயர் இழுத்தார். சுவிட்சைப் போட்டதும் தகரப் பெட்டி வீடானது. மனைவி வாசற்படியில் நின்றபடியே பார்த்து, "நல்லா இருக்குங்க," என்றார். உள்ளே வரவில்லை. மறுநாளிலிருந்து பேட்டரி ஒழுக ஆரம்பித்தது.

அந்த இரண்டாவது பேட்டரி மைத்துனர் கொடுத்தது. மனைவியின் தம்பி, சவுண்ட் சர்வீஸ் வைத்திருப்பவர். வருடக்கணக்காக ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே நின்று காது மந்தமாகி, ரகசியத்தைக்கூட நாலு தெருவுக்குக் கேட்கச் சொல்வார்.

"ஒயர் மெல்லிசு அத்தான்," என்று தெருவுக்கே அறிவித்தார். "மெல்லிசு ஒயர்ல கரண்ட் கசியும். தடியா போடுங்க."

மின்சாரம் ஒயரிலிருந்து கசிவதில்லை என்று மீட்டர்காரருக்குத் தெரியும். ஆனால் பேட்டரி கொடுத்த மனிதரை எதிர்த்துப் பேச மனம் வரவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து போட்ட ஒயரையெல்லாம் உருவிவிட்டுத் தடிமனாக மாற்றினார். மறுநாள் காலை மூன்று புள்ளி குறைந்திருந்தது.

அப்படியானால் ராத்திரிப் பனிதான் காரணம் என்று முடிவு செய்தார். ராத்திரி என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. மதியம் பார்க்கும்போது இருக்கிறது, காலையில் பார்க்கும்போது இல்லை. நடுவில் உள்ளது ராத்திரி. அதே நடுவில் ஒரு மத்தியானமும் உண்டு என்பது அவருக்குத் தோன்றவில்லை. ஏனென்றால் மத்தியானம் இரண்டிலிருந்து நான்கு வரை அவர் தூங்குவார். முப்பத்தொரு வருடம் வெயிலில் அலைந்தவர் சம்பாதித்த தூக்கம் அது. இடி விழுந்தாலும் எழமாட்டார். அந்த நேரம் மனைவியும் எதிரே தையல் கடைக்குப் போய்ப் பேசிக்கொண்டிருப்பார். வீடு அதுபாட்டுக்கு இருக்கும்.

வண்டிக்கு மேல் தார்ப்பாய் போட்டு மூடினார். பேட்டரிக்குப் பழைய கம்பளியைச் சுற்றினார். நோயாளியைப் போல அது கம்பளிக்குள் கிடந்தும் மூன்றரைப் புள்ளி போயிற்று.

யாராவது வந்து திருடுகிறார்களோ என்று ஒரு நினைப்பு. வண்டி நிற்கும் இடத்துக்கு நேர் எதிரேதான் தையல் கடை. தையல்காரப் பெண்மணி காலையிலிருந்து இரவு வரை தெருவைப் பார்த்தபடி மெஷின் மிதிப்பவர். வேனுக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுத்ததும் அவர்தான். அவரிடம் ஒரு சங்கடம், வாயில் எப்போதும் ஏழெட்டுக் குண்டூசி இருக்கும். எது கேட்டாலும் தலைதான் பேசும்.

மீட்டர்காரர் தன் வழக்கத்தை விட்டு ஒரு கேள்வி கேட்டார். "ராத்திரில யாராவது நம்ம வண்டிகிட்ட வந்து நிக்கிறாங்களா?"

தையல்காரர் இல்லை என்று தலையாட்டினார். பிறகு ஏதோ சொல்ல வந்ததுபோல் ஊசிகளோடு உதடு அசைந்தது. அதற்குள் மீட்டர்காரர் நன்றி சொல்லிவிட்டார். திரும்பும்போது கடையின் மரப்பலகையில் சாக்குக்கட்டியால் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதியிருந்த எண்கள் கண்ணில் பட்டன. இரண்டு, நான்கு, ஏழு, பதினொன்று, பதினெட்டு, இருபத்தைந்து. எண் எங்கே இருந்தாலும் படித்துவிடுவது அவருடைய வியாதி. யாருக்கோ அளவு எடுத்திருக்கிறார்கள், அந்த யாரோ நாளுக்கு நாள் பெருத்துக்கொண்டே போகிறார் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

அடுத்த வைத்தியம் அவர் தானாகவே செய்தது. ஆறு பல்பில் இரண்டைக் கழற்றினார். செலவு குறைந்தால் இழப்பும் குறைய வேண்டும், அது கணக்கு. அன்று சாயங்காலம் காப்பியை நீட்டிக்கொண்டே மனைவி கேட்டார்:

"ஏங்க, ரெண்டு விளக்கைக் கழட்டிட்டீங்களா? மூலையெல்லாம் இருட்டாயிடுமே."

மீட்டர்காரருக்கு மனசுக்குள் மத்தாப்பு. விளக்கை எண்ணிப் பார்க்கும் அளவுக்கு அக்கறை வந்திருக்கிறதே. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்திருப்பாள் என்று நினைத்தார். எப்போது பார்த்தாய் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "எல்லாம் ஒரு காரணமாத்தான்," என்றார். மறுநாள் காலை நான்கு புள்ளி குறைந்திருந்தது.

மைத்துனர் மறுபடி வந்தார். "ஒத்தை பேட்டரி எத்தனை தாங்கும் அத்தான்? வண்டி பேட்டரியோட சேர்த்துக் கட்டிவிடுங்க. ஒண்ணுக்கொண்ணு துணையா இருக்கும்."

எதைத் தொடக்கூடாது என்று இரண்டாவது பேட்டரியே வைத்தாரோ அதைத் தொட்டார். பதற்றம் வந்தவனுக்குப் படித்ததெல்லாம் மறந்துபோகும். இரண்டையும் நேராகச் சேர்த்துக் கட்டினார். அவை துணையாகத்தான் இருந்தன. மறுநாள் காலை இரண்டும் சேர்ந்தே இறங்கியிருந்தன. ஒத்திகை பார்க்கலாம் என்று சாவியைத் திருகியபோது வண்டி ஒரு முறை இருமிவிட்டு அடங்கிப்போனது.

தெருவே கூடித் தள்ளியது. தள்ளியவர்களை விட யோசனை சொன்னவர்கள் அதிகம். மைத்துனர் முன்னால் நின்று, "ஒண்ணு, ரெண்டு, மூணு," என்று தெருமுனை வரை கேட்கும்படி எண்ணினார், தள்ளவில்லை. தையல்காரர் வாயில் ஊசியோடும் கழுத்தில் அளவு நாடாவோடும் வந்து ஒரு கை கொடுத்தார். வண்டி ஐம்பது அடி போய், கிளம்பாமல், மறுபடி தள்ளப்பட்டுப் பழைய இடத்துக்கே திரும்பியது.

மனைவி வாசற்படியிலிருந்து இறங்கி வந்தார். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"ஏங்க, உள்ள விளக்கு எரிஞ்சா வண்டி நின்னுடுமா?"

"அதெல்லாம் ஒயரிங் சமாசாரம்," என்றார் மீட்டர்காரர், நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே. "உனக்கு எதுக்கு அது?"

"இல்ல, தெரிஞ்சுக்கலாம்னுதான்," என்று மனைவி உள்ளே போய்விட்டார்.

வியாழக்கிழமை ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் வந்தார். குறைவாகப் பேசுகிறவர். இரண்டு பேட்டரியையும் பிரித்தார். நடுவில் ஒரு ரிலே வைத்தார். வண்டி ஓடினால் இரண்டாவது பேட்டரி சார்ஜ் ஆகும், நின்றால் தனித்தனி. பிறகு தன் மீட்டரைக் கோர்த்து ஒவ்வொரு ஒயராகச் சோதித்தார். அரை மணி நேரம் கழித்துக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"லைன் சுத்தமா இருக்கு சார். லீக்கே இல்ல."

"அப்ப தினமும் எங்க போகுது?"

"எரிச்சாத்தான் சார் போகும்," என்று சொல்லிவிட்டு அவர் தன் பைக்கைக் கிளப்பிக்கொண்டு போனார்.

மீட்டர்காரர் படுக்கைப் பலகையில் உட்கார்ந்துவிட்டார். லீக் இல்லை. எண் சரிப்பட்டு வரவில்லை. முப்பத்தொரு வருட அனுபவத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். எழுந்திருக்கக் கையை ஊன்றியபோது மெத்தைக்கும் பலகைக்கும் நடுவில் ஏதோ குத்தியது. கொண்டை ஊசி. நுனியில் கறுப்பு உரிந்துபோன, அவருக்கு நன்றாகத் தெரிந்த கொண்டை ஊசி.

இந்த வண்டிக்குள் ஒரு காலுக்கு மேல் வைக்காத மனைவியின் கொண்டை ஊசி.

அவர் ஒன்றையும் ஒன்றையும் கூட்டினார். வர விருப்பமில்லை. வரமாட்டேன் என்று வாய்விட்டுச் சொல்லவும் மனசில்லை. அதனால் அவர் தூங்கும் நேரம் பார்த்து வந்து, விளக்கையெல்லாம் போட்டு, பேட்டரியைத் தீர்த்துவிட்டுப் போகிறாள். பேட்டரி தீர்ந்தால் பயணம் நிற்கும். யாரும் யாரிடமும் 'வேண்டாம்' என்று சொல்ல வேண்டியதில்லை. விளக்குக்கு எரிபொருளாகப் போனது தன் ஆசைதான் என்று அவருக்குப் பட்டது. கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெட்கமாக இருந்தது. தன்னோடு பத்து நாள் ஓர் அறையில் இருக்க இத்தனை பயப்படுகிறவளை முப்பது வருடம் எப்படி வைத்திருந்தோம் என்று நினைத்தார்.

போய்க் கேட்டிருக்கலாம். வீடு பத்தடி தூரம். ஆனால் மீட்டர் பார்க்கிறவன் கேள்வி கேட்பதில்லை. கொண்டை ஊசியைச் சட்டைப் பையில், நோட்டுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாடு முடிந்ததும் சொன்னார்: "வண்டி சரிப்பட்டு வரல. மச்சானுக்கு ஸ்பீக்கர் ஏத்த வண்டி வேணுமாம். நாளைக்கு வந்து எடுத்துக்கிட்டுப் போகட்டும்."

தட்டைக் கழுவிக்கொண்டிருந்த மனைவியின் கை நின்றது.

"ஞாயித்துக்கிழமை கிளம்பலாம்னீங்க."

"சொன்னேன்."

தண்ணீர் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மனைவி அதை மூடினார். "நாளைக்கு எத்தனை மணிக்கு வர்றான்?"

"மூணு மணிக்கு."

"மூணா," என்று மனைவி மனசுக்குள் ஏதோ கணக்குப் போட்டார். "சரி. அது போதும்."

போதும் என்ற அந்தச் சொல் மீட்டர்காரரை ராத்திரி முழுக்கப் புரட்டியது. சந்தேகமிருந்தால் இதோ தீர்ந்தது. மூன்று மணிக்கு விட்டது சனி என்று நினைக்கிறாள். அவளாவது நிம்மதியாக இருக்கட்டும்.

சனிக்கிழமை மத்தியானம் அவர் படுத்தார், தூங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். இரண்டு மணிக்குச் சற்று முன்பு மனைவி வந்து பார்ப்பதும், மெல்ல வெளியே போவதும் தெரிந்தது. கதவு அடிபடாமல் சாத்தும் சத்தம். தையல் கடைக்குத்தான், வேறெங்கே.

மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே மைத்துனர் வந்துவிட்டார். இலவசமாக வரும் வண்டிக்கு யாரும் தாமதமாக வருவதில்லை. "அத்தான், சாவி," என்று வாசலிலிருந்தே தெருவுக்கும் சேர்த்துக் கேட்டார். மீட்டர்காரர் ஆணியைப் பார்த்தார். வெறும் ஆணிதான் இருந்தது.

மேஜைமேல் தேடினார். நேற்றுப் போட்ட சட்டையில் தேடினார். பிறகு தேடுவதை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்.

வேனின் பக்கக் கதவு சாத்தியிருந்தது. பின் ஜன்னலின் திரைச்சீலை இழுத்து விட்டிருந்தது. அதன் ஓரமாக, நூல் அளவுக்கு, மஞ்சள் வெளிச்சம் கசிந்துகொண்டிருந்தது. உள்ளே குட்டி ஃபேன் சுற்றும் சத்தமும் கேட்டது.

கையும் களவுமாக. முப்பத்தொரு வருடத்தில் கொக்கி போட்டவனை அவர் இப்படிப் பிடித்ததில்லை. பிடித்தால் பெருமையாக இருக்கும் என்று அப்போதெல்லாம் நினைத்ததுண்டு. பிடித்தாயிற்று, பெருமைதான் வரவில்லை. கடைசி நாளில்கூட மிச்சம் வைக்காமல் தீர்க்கிறாளே. கதவின் கைப்பிடியை இழுத்தார். அசையவில்லை, உள்ளே பூட்டியிருந்தது. பல வருடமாகக் கேட்காத கேள்விகளெல்லாம் ஒன்றாகத் திரண்டு வர, தகரத்தில் ஓங்கித் தட்டக் கையைத் தூக்கினார்.

தூக்கிய கையை யாரோ பிடித்தார்கள்.

தையல்காரர். தெருவின் குறுக்கே ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது. ஒரு கையில் கடைச் சுவரில் மாட்டியிருக்கும் கடிகாரம், விரலெல்லாம் சாக்குக்கட்டி மாவு. மைத்துனர் ஏதோ முழங்க வாயைத் திறந்தார். தையல்காரர் முறைத்த முறைப்பில் மூடிக்கொண்டார். பிறகு அந்தப் பெண்மணி, தெரு இதுவரை கண்டிராத காரியமாக, வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து முந்தானையில் குத்தினார். கடைசி ஊசி வரும்வரை மீட்டர்காரர் தூக்கிய கையோடு நின்றார்.

"தட்டாதீங்க சார், இன்னும் நாலே நிமிஷம், ஒரு மணி நேரம் ஆயிடும். மூடின இடத்துல மூச்சு முட்டுற அக்கா உங்ககூட ஊருக்கு வரணும்னுதான் தினமும் உள்ள உக்காந்து பழகுறாங்க. முதல் நாள் ரெண்டு நிமிஷத்துல நடுங்கிக்கிட்டு வெளிய வந்தாங்க, இன்னிக்குத்தான் முதல் தடவையா உள்ளே பூட்டிக்கிட்டிருக்காங்க."